வாழ்த்துக்களில் கள் வாடை வருமா?

கேள்வி: உறவினர் பெண்ணுக்குக் கல்யாணம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதினேன். தூரத்து மாமா ஒருவர், ‘வாழ்த்துகள் என்பதே சரி, க் போட்டால் கள் குடிக்க அழைப்பதாகிவிடும்’ என்று எல்லார் முன்பும் திருத்தினார். எது சரி? நானும் பிறரைத் திருத்தலாமா?

பதில்: மாமா சொன்ன வடிவத்தை ஏற்றுக்கொள்ளலாம், காரணத்தை ஏற்க வேண்டாம்.

க் வந்தால் கள் வாடை வீசும் என்றால் பூக்களும் ஈக்களும் பசுக்களும் எங்கே போவது? இன்னொன்றையும் கவனியுங்கள். வாழ்த்து என்பது வினைப்பகுதியும்கூட. சுடுசோறு, ஊறுகாய் போன்று வினைப்பகுதியோடு பெயர் சேரும் வினைத்தொகைகளில் வல்லினம் மிகாது, அதாவது நடுவே க், ச் போன்ற எழுத்து கூடுதலாக வராது. அப்படிப் பார்த்தால், ‘வாழ்த்தும் கள்’ என்று பொருள்படக்கூடியது மாமா பரிந்துரைத்த க் இல்லாத வடிவம்தான்!

உண்மையான சிக்கல் வேறு. நாடு, வீடு போன்ற சொற்களில் க் வராது. பசு, தெரு, அணு போன்றவற்றில் வரும். இவற்றில் சண்டையே இல்லை. எழுத்து, கருத்து, வாழ்த்து முதலிய வன்தொடர்க் குற்றியலுகரச் சொற்களில்தான் (க்கு, ட்டு, த்து என வல்லின மெய்யை அடுத்து உகரத்தில் முடிபவை) வழக்கு இரண்டுபட்டிருக்கிறது. வன்தொடரை அடுத்து வல்லினம் மிகும் என்ற விதியைக் காட்டுவார் ஒரு சாரார். பாட்டுக்கச்சேரி போலச் சொல்லோடு சொல் சேரும் இடத்துக்கே அந்த விதி, கள் வெறும் விகுதி என்பார் மறுசாரார். நம் நாக்கும் ஒரு பக்கமாக நிற்பதில்லை. முத்துக்கள் என்கிறோம், தட்டுக்கள், மூக்குக்கள் என்று யார் சொல்கிறார்கள்?

நான் க் இல்லாமல்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புப் பாடநூலிலும் ‘எழுத்துகளின் பிறப்பு’ என்றே இருக்கிறது. அச்சுக்குப் போகும் வாழ்த்து மடல் என்றால் ‘வாழ்த்துகள்’ என்று போடுங்கள், வம்பு குறையும். குடும்பக் குழுவில் எப்படி எழுதினாலும் குற்றமில்லை.

பிறரைத் திருத்துவதானால், பொருள் மாறும் இடத்தில் திருத்துங்கள். ‘முன்னால் அமைச்சர்’ என்றால் எதிரே நிற்பவர். பதவியில் இருந்து இறங்கியவர் ‘முன்னாள் அமைச்சர்’. ‘வேலை கொடுத்தார்’ என்பதில் ஒரு க் நுழைந்தால் முதலாளி வேலாயுதத்தை எடுத்து நீட்டுவதாகிவிடும். அதையும் தனிச்செய்தியில் சொல்லுங்கள். இரங்கல் செய்தியில் யாராவது ‘நினைவுகூறுகிறோம்’ என்று எழுதியிருந்தால், ‘நினைவுகூர்கிறோம்’ என்பதே சரி என்று தெரிந்தாலும், அன்றைக்கு மட்டும் கண்டும் காணாமல் விட்டுவிடுங்கள்.