டாக்டரைக் கேளுங்கள்: அப்கார் மார்க் குறைந்தால் பயப்படணுமா?

பேரனின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அப்கார் 7/10, 9/10' என்று இருக்கிறது. முதலில் 7 என்பதால் மூளைக்கு ஏதும் பாதிப்போ என்று மகள் கவலைப்படுகிறாள். அது என்ன மார்க்?
- ஒரு வாசகி, தேனி

பயமே வேண்டாம், நல்ல மார்க்தான். அப்கார் என்பது ஒரு பெண் டாக்டரின் பெயர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்து நிபுணராக இருந்த வர்ஜீனியா அப்கார், 1953-ல் இந்த முறையை வெளியிட்டார்.

பிறந்த 1-வது நிமிடத்திலும் 5-வது நிமிடத்திலும் குழந்தையின் நிறம், இதயத் துடிப்பு, சீண்டினால் முகம் சுளிக்கிறதா, கை கால் அசைவு, மூச்சு ஆகியவற்றைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 போடுவார்கள். துடிப்பை எண்ண, தொப்புள்கொடியின் அடியில் விரல் வைத்தோ ஸ்டெதாஸ்கோப் வைத்தோ 6 விநாடி எண்ணி, 10-ஆல் பெருக்கினால் போதும். 100-க்கு மேல் என்றால் 2. கீழே என்றால் 1. துடிப்பே இல்லையென்றால் 0. கை காலை மடக்கி உதைத்தால் 2, துவண்டு கிடந்தால் 0.

முழுசாகப் 10 வாங்கும் குழந்தை அபூர்வம். பிறந்த சூட்டில் உடம்பு சிவந்தாலும் கையும் பாதமும் சற்று நேரம் நீலம் பூத்தே இருக்கும். அங்கே ஒரு மார்க் போய்விடும். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் தோலை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடலாம். உதட்டையும் நாக்கையும் பார்க்கணும். குறைமாதக் குழந்தைக்கு அசைவு இயல்பிலேயே குறைவு என்பதால் மார்க்கும் குறையும். பிரசவம் பார்த்தவரே மார்க் போட்டால் தாராளமாகப் போட்டுவிடுவார் என்பதால், வேறொருவர்தான் போட வேண்டும் என்றார் அப்கார்.

5-வது நிமிடத்திலும் 7-க்குக் கீழே இருந்தால், 20 நிமிடம் வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பார்கள். குழந்தை மூச்சு விடாவிட்டால் மார்க்குக்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே சுவாசம் கொடுக்க வேண்டும். பிள்ளையின் பிற்கால அறிவை இந்த மார்க் சொல்லாது. மகளிடம் சொல்லுங்கள்.

அந்த அம்மையார் வேறென்ன செய்தார்?
- அதே வாசகி

1959-ல் ஆபரேஷன் தியேட்டரை விட்டு, 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' (March of Dimes) அமைப்பில் சேர்ந்தார். போலியோவுக்கு நிதி திரட்டிய அந்த அமைப்பு, அப்போது பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பியிருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசி ஆராய்ச்சிக்குப் பணம் சேர்த்தார். 1964-65-ல் அமெரிக்காவில் பரவிய ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) என்ற வைரஸ் நோய் கர்ப்பிணிகளைத் தொற்றியதால் சுமார் 20,000 குழந்தைகள் பிறவிக் குறைபாட்டோடு பிறந்தன. ரூபெல்லா தடுப்பூசி எல்லோருக்கும் வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர்.

இங்கே அது எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசியாக 9 மாதத்திலும், 16-24 மாதத்திலும் அரசு மையங்களில் இலவசம். போடாமல் விட்ட பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே போட்டு, ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம். கர்ப்பத்தில் போடக் கூடாது.