ஞாயிறு இரவு கழற்றினால் செவ்வாய் நின்றுபோகும் ரோலக்ஸ் சப்மரைனர் 16610 வாட்ச்

கழற்றி வைத்த வாட்ச் இப்படி நிற்பது பழுதா என்று கேட்டீர்கள். பழுது இல்லை சகோ. அதிலுள்ள 3135 எஞ்சின் முழுச் சாவியில் ஓடுவதே சுமார் 48 மணி நேரம்தான். குலுக்கி ஓட்டாதீர்கள், ரோட்டார் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) கொஞ்சம்தான் ஏற்றும், மறுபடி நிற்கும். கிரவுனை (பக்கவாட்டில் உள்ள சாவித் திருகு) இடப்பக்கம் திருகித் தளர்த்தி, வெளியே இழுக்காமல், மேல்நோக்கி 30 முதல் 40 சுற்று கொடுங்கள். அதிகமானாலும் ஸ்பிரிங் அறாது, உள்ளே வழுக்கிக்கொள்ளும்.

தேதியில்தான் கவனம். மணி முள் இரவு 9 முதல் 3 வரைக்குள் இருந்தால் தேதிப் பல்சக்கரம் பிடியில் இருக்கும். அப்போது மாற்றினால் பல் உடையலாம். முதலில் முள்ளைக் காலை 6க்குக் கொண்டுவந்து, பிறகு தேதியை மாற்றுங்கள்.

மூடும்போது கிரவுனை அழுத்தியபடி முதலில் லேசாகப் பின்னோக்கித் திருப்பி, மரை உட்கார்ந்ததும் முன்னோக்கி இறுக்குங்கள். மரை தேய்ந்தால் தண்ணீர் இறங்கும். வாட்சைச் சுழற்றிச் சாவி ஏற்றிவைக்கும் வைண்டர் பெட்டி வீண் செலவு.