பால்பல் சொத்தைக்குக் கறுப்பு மருந்து: தண்டையார்பேட்டை சகோதரிக்கு

நாலு வயசுப் பையனுக்குக் கடவாய்ப்பல்லில் சொத்தை, டிரில் சத்தம் கேட்டாலே அலறுகிறான், டாக்டர் சொன்ன தடவுகிற மருந்து பல்லைக் கறுப்பாக்குமாமே என்று கேட்டிருந்தீர்கள். அது சில்வர் டயமைன் ஃப்ளோரைடு. வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடு பல்லைக் கெட்டிப்படுத்தும். ஊசியும் வேண்டாம், டிரில்லும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

கறுப்பு உண்மைதான், போகாது. ஆனால் சொத்தை இருக்கிற இடம் மட்டும்தான் கறுக்கும். கடவாய்ப்பல்லை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? (என் மகளுக்குத் தடவியபோது மாமியார்தான் ஒரு வாரம் புலம்பினார்.) எப்படியும் விழுகிற பல்தானே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், அது விழ 10, 12 வயசாகும்.

ராத்திரி வலியில் எழுந்து அழுகிறானா? ஈறில் கொப்புளம் இருக்கிறதா? அப்படியென்றால் இந்த மருந்து போதாது, டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். வெள்ளி அலர்ஜி இருந்தாலும் சொல்ல வேண்டும். அப்புறம், ஒரு தடவையோடு முடியாது. பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி தடவுவார்கள்.

செலவுதான் யோசனை என்றால் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.