பச்சை டிக் விழுந்தாச்சு, அப்புறம் என்ன கவலை?

விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு நிஜ சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினி (சுருக்கமாக விஎம்), அதன் பேக்கப் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, இந்த முறை அதற்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: விஎம்களை ஓட்டும் விஎம்வேரில் முக்கியமான விஎம் எல்லாவற்றுக்கும் ஸ்நாப்ஷாட் (அந்த நொடியின் நிலை) எடுத்து வைத்திருக்கிறோம். ஏதாவது ஆனால் ஒரே கிளிக்கில் பழைய நிலைக்குப் போய்விடலாம். அப்படியிருக்க, தனியாகக் காசு கொடுத்து பேக்கப் சாஃப்ட்வேர் எதற்கு என்று மேனேஜர் கேட்கிறார். என்ன சொல்வது?

ஸ்நாப்ஷாட் எடுத்ததும் என்ன நடக்கிறது என்று, விஎம் கோப்புகள் இருக்கும் டேட்டாஸ்டோரைத் திறந்தே அவருக்குக் காட்டுங்கள். விஎம்மின் மூல டிஸ்க் கோப்பில் எழுதுவது அந்த நொடியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் புதிதாக முளைக்கும் டெல்டா கோப்புக்குப் போகும். பொதுவாக இரண்டும் ஒரே ஸ்டோரேஜில்தான் கிடக்கும். ஸ்டோரேஜ் போனால் இரண்டும் போச்சு. மூலக் கோப்பு மட்டும் கெட்டாலும் டெல்டாவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதை எப்படி பேக்கப் என்று சொல்வது?

அந்த ஸ்நாப்ஷாட்கள் எத்தனை நாளாக இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் கவலை. ஒரு ஸ்நாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்பது விஎம்வேரே சொல்லும் அறிவுரை. டெல்டா வளர்ந்துகொண்டே போகும், கடைசியில் மூல டிஸ்க்கின் அளவுக்கே வந்து நிற்கும். டேட்டாஸ்டோர் நிறைந்துவிட்டால் அதில் இருக்கிற மற்ற விஎம்களும் சேர்ந்து நின்றுவிடலாம். சரி, அழித்துவிடலாம் என்று போனால், அழிப்பது என்பது டெல்டாவில் இருப்பதையெல்லாம் மூலக் கோப்பில் எழுதிச் சேர்ப்பது, பெரிய டெல்டாவாக இருந்தால் மணிக்கணக்கில் ஓடும், அந்த நேரத்தில் விஎம் தவழும். பேட்ச் போடுவதற்கு முன்னால் ஒன்று எடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிட்டால் நல்லது. அதற்குத்தான் அது.

கேள்வி: பேக்கப் சாஃப்ட்வேரும் ஸ்நாப்ஷாட் எடுத்துத்தானே வேலை செய்கிறது? எங்கள் ஒரு விஎம்மில் டிஸ்க் கன்சாலிடேஷன் (மிஞ்சிய டெல்டாவை மூலக் கோப்பில் சேர்ப்பது) தேவை என்ற எச்சரிக்கை போகவே மாட்டேன் என்கிறது. கன்சாலிடேட் கொடுத்தால் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்கிறது.

ஆமாம், அதுவும் ஸ்நாப்ஷாட்தான் எடுக்கிறது. ஆனால் எடுத்து, அசையாமல் நிற்கும் மூல டிஸ்க்கைப் படித்து வேறு இடத்தில் எழுதிவிட்டு, ஸ்நாப்ஷாட்டை அழித்துவிடுகிறது. பாதியில் ஜாப் (அந்த பேக்கப் வேலை) செத்துப்போனால் அந்த அழிக்கிற வேலை நடக்காமல் நின்றுவிடும்.

பூட்டுப் பிரச்சினைக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம், டேட்டாவைப் படித்து அனுப்பும் மெஷினான உங்கள் பேக்கப் ப்ராக்ஸி. அதுவும் ஒரு விஎம்மாக இருந்து, ஹாட்-ஆட் முறையில் படிக்கிறது என்றால், படிக்க வேண்டிய டிஸ்க்கைத் தனக்கே மாட்டிக்கொண்டு படிக்கும். முடிந்ததும் கழற்றாமல் விட்டிருக்கும். ப்ராக்ஸியின் செட்டிங்ஸைத் திறந்தால் அதனுடையதல்லாத ஒரு டிஸ்க், வேறு விஎம்மின் பெயரில் உட்கார்ந்திருப்பது தெரியும். அதைக் கழற்றுங்கள். கழற்றும்போது, கோப்புகளை டேட்டாஸ்டோரிலிருந்தும் அழிக்கவா என்று ஒரு செக்பாக்ஸ் இருக்கும். அதைத் தொட்டுவிடாதீர்கள், அது உங்கள் ப்ரொடக்‌ஷன் டிஸ்க். ப்ராக்ஸியை ஆஃப் செய்துவிட்டு நிதானமாகச் செய்யலாம், அவசரம் ஒன்றும் இல்லை. கழற்றிய பிறகு கன்சாலிடேட் கொடுத்தால் பெரும்பாலும் ஓடிவிடும்.

கேள்வி: தினமும் ஜாப் சரியாக முடிந்ததாகப் பச்சை டிக். போன மாதம் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ் ஓடும் ஒரு விஎம்மில் லாக் (மாற்றங்களின் பதிவேடு) இருக்கும் டிஸ்க் நிறைந்து அப்ளிகேஷன் நின்றுவிட்டது. விஎம் பேக்கப்தான் முழுசாக எடுக்கிறோமே என்று டேட்டாபேஸ் பேக்கப் ஜாப்களை நிறுத்தியிருந்தோம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியான சம்பந்தம். விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் வழியாக எடுக்கும் பேக்கப்புக்கு டிஸ்க்கில் இருக்கும் ப்ளாக்குகள் (டிஸ்க்கின் துண்டுகள்) மட்டும்தான் தெரியும். அவற்றுக்குள் இருப்பது டேட்டாபேஸா, யாரோ போட்டு வைத்த சினிமாவா என்பது அதற்குத் தெரியாது. நாமாகச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. எல்லா ப்ளாக்கையும் சரியாகப் படித்து எழுதிவிட்டால் பச்சை டிக் போட்டுவிடும். அது பொய் இல்லை, அது சொல்லும் விஷயம் அவ்வளவுதான்.

எல்லா மாற்றத்தையும் லாக்கில் வைத்திருக்கும் முறையான ஃபுல் ரெக்கவரி மாடலில் இருக்கும் எஸ்க்யூஎல் டேட்டாபேஸின் லாக், லாக் பேக்கப் எடுத்தால்தான் வெட்டப்படும். விஎம் பேக்கப் ஆயிரம் எடுத்தாலும் லாக் தன் பாட்டுக்கு வளரும். நீங்கள் ஜாப்களை நிறுத்தினீர்கள், லாக் டிஸ்க் நிறைந்தது. எண்டர்ப்ரைஸ் பேக்கப் சாஃப்ட்வேர்களில் அப்ளிகேஷனைப் புரிந்துகொண்டு எடுக்கும் வசதி உண்டு. அதை ஆன் செய்து, விஎம்முக்குள் போக ஒரு யூசர் கணக்கு கொடுத்தால், விண்டோஸின் விஎஸ்எஸ் என்ற ஸ்நாப்ஷாட் சேவை மூலம் டேட்டாபேஸை ஒரு கணம் நிறுத்தி, மெமரியில் இருப்பதை டிஸ்க்குக்கு இறக்கிவிட்டு ஸ்நாப்ஷாட் எடுக்கும். விரும்பினால் கால் மணிக்கொரு முறை லாக் பேக்கப்பையும் அதுவே எடுத்துவிடும். ஆனால் ஒன்று: லாக் பேக்கப்பை யாராவது ஒருவர்தான் எடுக்க வேண்டும். பேக்கப் டீம் ஒரு பக்கம், டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஒரு பக்கம் என்று இரண்டு பேரும் எடுத்தால் லாக் சங்கிலியின் பாதிக் கண்ணிகள் அங்கே, மீதி இங்கே. ரெஸ்டோர் அன்று இரண்டு டீமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். டிபிஏ தன் பாட்டுக்கு டிஃபரன்ஷியல் (கடைசி ஃபுல் பேக்கப்புக்குப் பிறகு மாறியது மட்டும்) எடுப்பவர் என்றால், உங்கள் ஜாபில் காப்பி-ஒன்லி என்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவருடைய டிஃபரன்ஷியலுக்கு அடிப்படை உங்கள் பேக்கப்பாக மாறிவிடும்.

இந்த வசதி எதுவும் இல்லாமல் எடுத்த பேக்கப், கரண்ட் போய்த் திரும்ப வந்த சர்வர் மாதிரி. எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி எல்லாம் லாக்கைப் படித்துத் தங்களைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடும், அதற்காகத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐசாம் டேபிள்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. லினக்ஸ் விஎம்மில் விஎஸ்எஸ் கிடையாது. ஸ்நாப்ஷாட்டுக்கு முன்னும் பின்னும் ஓடி, எழுதுவதை நிறுத்தும், மறுபடி விடும் (freeze, thaw) ஸ்கிரிப்ட்களை நீங்கள்தான் எழுத வேண்டும்.

கேள்வி: 2 டிபி விஎம்மின் இன்கிரிமென்டல் (மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்) பத்தே நிமிடத்தில் முடிகிறது. எது மாறியது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? நம்பலாமா?

சிபிடி என்கிற சேஞ்ச்டு ப்ளாக் டிராக்கிங், விஎம்வேரின் விஸ்பியர் 4 காலத்திலிருந்து, அதாவது 2009 முதல் இருக்கிறது. எந்த ப்ளாக் மாறியது என்று ஹைப்பர்வைசரே குறித்து வைக்கும், பேக்கப் சாஃப்ட்வேர் அதைக் கேட்டு வாங்கி அந்த ப்ளாக்குகளை மட்டும் படிக்கும். மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியில் இதே வேலையை விண்டோஸ் சர்வர் 2016 முதல் ஆர்சிடி செய்கிறது.

நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். 2014-ல் ஒரு பிழை வெளிவந்தது: டிஸ்க்கை 128 ஜிபி எல்லையைத் தாண்டிப் பெரிதாக்கினால் சிபிடி தவறான பட்டியலைக் கொடுத்துவிடும். ஜாப் பச்சை, உள்ளே பேக்கப்பில் ஓட்டை. விஎம்வேர் பிறகு சரிசெய்துவிட்டது. டிஸ்க்கைப் பெரிதாக்கினாலோ, ஹோஸ்ட் (விஎம்கள் ஓடும் நிஜ சர்வர்) தடாலென்று விழுந்து எழுந்தாலோ சிபிடியை ரீசெட் செய்து ஒரு புதிய ஃபுல் எடுத்துவிடுவது நல்ல பழக்கம். சிந்தெட்டிக் ஃபுல்லை இதற்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பழைய பேக்கப்களிலிருந்தே தைத்து உருவாக்குவது, ஓட்டை அப்படியே அதிலும் வரும்.

கேள்வி: ஃபுல் பேக்கப் இரவு தொடங்கி மறுநாள் மதியம்வரை ஓடுகிறது. மொத்தம் 10 டிபி. புது ஸ்டோரேஜ் வாங்கினால் சரியாகுமா?

வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்கு. 1 ஜிபிபிஎஸ் நெட்வொர்க்கில் நொடிக்கு அதிகபட்சம் 125 எம்பி. 10 டிபிக்கு 80,000 நொடி, 22 மணி நேரத்துக்கு மேல். கம்ப்ரஷனும் காலி இடத்தைத் தாண்டிப்போவதும் சேர்ந்து உங்களுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஜாப் லாகில் டிரான்ஸ்போர்ட் மோடு (டேட்டா எந்த வழியில் போகிறது) என்ன என்று பாருங்கள். என்பிடி என்று இருந்தால் டேட்டா முழுவதும் இஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் ஹைப்பர்வைசர்) ஹோஸ்டின் மேனேஜ்மென்ட் போர்ட் வழியாகப் போகிறது, அந்த போர்ட் பல இடங்களில் இன்னும் 1 ஜிபிபிஎஸ்தான். அதை 10-க்கு மாற்றினாலோ, ஹாட்-ஆட் முறைக்குப் போனாலோ புது ஸ்டோரேஜ் தேவைப்படாமலே போகலாம்.

ப்ராக்ஸி நேரடியாக ஸ்டோரேஜ் நெட்வொர்க்கிலிருந்து படிக்கும் சான் மோடு வேகமானது. ஆனால் விண்டோஸ் ப்ராக்ஸிக்கு விஎம்எஃப்எஸ் லன்களை (டேட்டாஸ்டோர் இருக்கும் டிஸ்க்குகளை) காட்டும்போது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததுமே, புதிய டிஸ்க்குகளை இனிஷியலைஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். பழக்க தோஷத்தில் யாராவது ஓகே அழுத்தினால் டேட்டாஸ்டோரின் பார்ட்டிஷன் டேபிள் போய்விடும். லன்களைப் படிக்க மட்டும் என்று ஸ்டோரேஜ் பக்கத்திலேயே கட்டிப்போட முடிந்தால் கட்டிப்போடுங்கள்.

கேள்வி: விஎம் பேக்கப் ஓடும்போது சில டிஸ்க்குகள் மட்டும் விட்டுப்போகின்றன. ஏன்?

ஃபிஸிக்கல் மோடு ஆர்டிஎம் (விஎம்முக்கு நேரடியாகக் கொடுத்த ஸ்டோரேஜ் டிஸ்க்), இன்டிபென்டென்ட் டிஸ்க் (ஸ்நாப்ஷாட்டில் சேராதபடி அமைத்தது) இரண்டும் ஸ்நாப்ஷாட்டில் வராது. விஎம்முக்கு உள்ளிருந்து, நெட்வொர்க் வழியான ஐஸ்கஸி மூலம் மாட்டிய டிஸ்க் ஹைப்பர்வைசர் கண்ணிலேயே படாது. அந்த விஎம்முக்குள் பேக்கப் ஏஜென்ட் போட்டு எடுங்கள். தாண்டிப்போனதை ஜாப் ஒரு மஞ்சள் வரியில் சொல்லியிருக்கும், சில சாஃப்ட்வேரில் அதுகூட லாகைத் திறந்தால்தான் தெரியும்.

கேள்வி: பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்கலாமா? எல்லாவற்றுக்கும் ஒரே லாகின் இருந்தால் வசதி.

சேர்க்காதீர்கள். உங்களுக்கு எவ்வளவு வசதியோ, டொமைன் அட்மின் கணக்கைத் திருடி உள்ளே வருபவனுக்கும் அவ்வளவு வசதி. ரான்சம்வேர் கும்பல் விஎம்களைப் பூட்டுவதற்கு முன்னால் பேக்கப்பைத்தான் தேடிப்போய் அழிக்கும். அந்த சர்வரில் விசென்டர் (விஎம்வேர் ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் சர்வர்) பாஸ்வேர்டு, சர்வீஸ் கணக்குகள் எல்லாம் சேமித்து வைத்திருப்பதால் அதுவே ஒரு சாவிக்கொத்தும்கூட. 2023 மார்ச்சில் வெளிவந்த சிவிஇ-2023-27532 என்ற, வீம் பேக்கப் சாஃப்ட்வேரின் பாதுகாப்பு ஓட்டை சரியாக இதைத்தான் தொட்டது, லாகின் இல்லாமலே அந்தச் சேமித்த பாஸ்வேர்டுகளை எடுக்க முடிந்தது. பேட்ச் இருக்கிறது. பேக்கப் சர்வருக்குப் பேட்ச் போடுவதைத்தான் எல்லோரும் கடைசியாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு காப்பியாவது, நீங்களே நினைத்தாலும் அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். டேப்பைக் கழற்றி அலமாரியில் வைப்பதும் இதில் சேரும், பழசு என்று சிரிக்க வேண்டாம். க்ளவுட் என்றால் அமேசான் எஸ்3-ன் ஆப்ஜெக்ட் லாக், அதாவது அழிக்க விடாத பூட்டு. அதில் கவர்னன்ஸ் மோடில் சிறப்பு அனுமதி உள்ளவர் அழித்துவிடலாம், கம்ப்ளையன்ஸ் மோடில் ரூட் கணக்காலும் முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சொந்தமாக இம்யூட்டபிள் (அழிக்க முடியாத) லினக்ஸ் ரெப்பாசிட்டரி வைத்திருந்தால், அந்த மெஷினைத் தூரத்திலிருந்து இயக்கும் ஐடிராக் அல்லது ஐஎல்ஓ போர்ட்டையும் பாருங்கள். கோப்பை அழிக்க முடியாமல் பூட்டிவிட்டு, ரிமோட் கன்சோலைப் பழைய பாஸ்வேர்டோடு திறந்து விட்டிருந்தால் அங்கிருந்தே டிஸ்க்கை மொத்தமாக ஃபார்மட் செய்துவிடலாம்.

கேள்வி: ரெஸ்டோர் டெஸ்ட் என்று எதைச் செய்வது? விஎம் பூட் ஆனால் போதுமா?

லாகின் திரை வந்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில் எழுப்பி, டேட்டாபேஸில் நேற்று மாலை பதிந்த ஒரு ரெக்கார்டு இருக்கிறதா என்று அந்த அப்ளிகேஷனைப் பயன்படுத்துபவரையே பார்க்கச் சொல்லுங்கள். இன்ஸ்டன்ட் ரெக்கவரி வசதி இருந்தால் பேக்கப் ஸ்டோரேஜிலிருந்தே விஎம் நேரடியாக எழுந்துவிடும், டெஸ்டுக்கு இது அருமை. நிஜமான விபத்தில் ஒரே நேரத்தில் இருபது விஎம்மை டீடூப் (ஒரே மாதிரி டேட்டாவை ஒருமுறை மட்டும் வைக்கும்) ஸ்டோரேஜிலிருந்து எழுப்பினால் எப்படி ஓடும் என்பது வேறு விஷயம். அதையும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுத்தான் மேனேஜரிடம் இத்தனை மணி நேரத்தில் எல்லாம் வந்துவிடும் என்று சொல்ல வேண்டும்.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோட் சேமிக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரி அழிக்கப்பட்டது. தினசரி டேட்டாபேஸ் டம்ப் எடுக்கும் ஏற்பாடு இருந்தது, ஆனால் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் ப்ரோக்ராம் 9.2 பதிப்பு, அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றது என்று சொல்லும் மெயில்களையும் மெயில் சர்வர் நிராகரித்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. சோதனைச் சூழலுக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த லினக்ஸின் எல்விஎம் ஸ்நாப்ஷாட் ஒன்றிலிருந்துதான் மீண்டார்கள். எல்லாவற்றையும் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அதற்கு ஒரு சல்யூட். உங்கள் ஜாப் தோற்றால் மெயில் வரும் என்று நம்பியிருக்கிறீர்களா? வேண்டுமென்றே ஒரு ஜாபைத் தோற்கடித்துப் பாருங்கள்.

கேள்வி: டொமைன் கன்ட்ரோலர் (டொமைன் கணக்குகளை வைத்திருக்கும் சர்வர், சுருக்கமாக டிசி) விஎம்மைப் பழைய ஸ்நாப்ஷாட்டுக்குத் திருப்பலாமா?

விண்டோஸ் சர்வர் 2012-லிருந்து விஎம் பழைய நிலைக்குப் போனதை டிசிக்குக் காட்டும் விஎம் ஜெனரேஷன் ஐடி என்ற பாதுகாப்பு இருக்கிறது, ஹைப்பர்வைசரும் அதை ஆதரித்தால் பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தையதில் யுஎஸ்என் ரோல்பேக் வரும், அதாவது டிசிகளுக்குள் டேட்டா ஒத்துப்போகாமல் போகும். எதுவானாலும், இன்னொரு டிசி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் கெட்டதைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று எழுப்புவதுதான் சுலபம்.

கேள்வி: எங்கள் பேக்கப் சர்வரே அதே க்ளஸ்டரில் (விஎம்கள் ஓடும் ஹோஸ்ட்களின் கூட்டம்) ஒரு விஎம். தப்பா?

சின்ன இடங்களில் அப்படித்தான் இருக்கும். ஆனால் க்ளஸ்டர் மொத்தமாக விழுந்தால் எந்த வரிசையில் எழுப்புவீர்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். பேக்கப் சாஃப்ட்வேரின் கான்ஃபிகரேஷன் பேக்கப் க்ளஸ்டருக்கு வெளியே இருக்க வேண்டும். பேக்கப்பை என்கிரிப்ட் செய்திருந்தால் அந்த பாஸ்வேர்டும் அப்படியே, அது தொலைந்தால் சாஃப்ட்வேர் விற்றவராலும் திறக்க முடியாது. விசென்டர் இல்லாமல் நேரடியாக ஒரு ஹோஸ்டில் ரெஸ்டோர் செய்ய முடியும், ஆனால் உங்கள் நெட்வொர்க் முழுவதும் விசென்டர் வழியே நிர்வகிக்கும் டிஸ்ட்ரிப்யூட்டட் ஸ்விட்சில் இருந்தால், எழுந்த விஎம்மை ஸ்டாட்டிக் பைண்டிங் உள்ள போர்ட் குரூப்பில் மாட்ட விசென்டர் வேண்டும். விசென்டர் இல்லாமலும் மாட்டக்கூடிய எஃபெமரல் போர்ட் குரூப் ஒன்றை முன்கூட்டியே செய்து வைத்திருந்தால் தப்பித்தீர்கள். அப்புறம், ஹோஸ்டின் ரூட் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது? பாஸ்வேர்டு மேனேஜரில் என்றால், அந்த பாஸ்வேர்டு மேனேஜர் எந்த விஎம்மில் ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.