உட்கார்ந்தாச்சு, ஆனா ஆரம்பிக்க முடியலை: ஏடிஹெச்டி கேள்வி-பதில்

ஏடிஹெச்டி (கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும் அடங்கி இருப்பதும் கடினமாகிற மூளை வளர்ச்சிக் குறைபாடு) பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, எப்படிச் செய்வது என்றும் தெரிகிறது, தொடங்க மட்டும் முடியவில்லை. சிலவற்றைச் சுருக்கி, ஊர், தொழில் அடையாளங்களை மாற்றிப் பதில் எழுதியிருக்கிறேன். நான் உளவியலாளர், மாத்திரை எழுதித் தருபவள் இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வயது 29, சென்னையில் ஐடி வேலை. காலை பத்து மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் பன்னிரண்டரை வரை ஒரு வரி டைப் அடிக்க முடியவில்லை. ஃபோனைக்கூடத் தொடுவதில்லை. உள்ளுக்குள் 'ஆரம்பி, ஆரம்பி' என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். அம்மா சோம்பேறி என்கிறார். நிஜமாகவே சோம்பேறிதானா?

சோம்பலில் ஒரு சுகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுக்கிறோமே, அது சோம்பல். நீங்கள் சொல்லும் இரண்டரை மணி நேரத்தில் சுகம் எங்கே இருக்கிறது? வேலையும் நடக்கவில்லை, ஓய்வும் கிடைக்கவில்லை, எழுந்திருக்கும்போது மூட்டை தூக்கினவர் மாதிரி களைத்துப் போயிருப்பீர்கள்.

2009-இல் நோரா வோல்கோவ் என்ற மூளை ஆராய்ச்சியாளரின் குழுவினர், மருந்து எடுக்காத 53 ஏடிஹெச்டி பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். 'இதைச் செய், நல்லது கிடைக்கும்' என்று நம்மை உந்துவது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் பாதை; அதன் இயக்கத்தைக் காட்டும் சில அடையாளங்கள் இவர்களுக்குக் குறைவாக இருந்தன. பலன் உடனே தெரியாத வேலை, அதாவது உங்கள் ஆவணங்கள், ரிப்போர்ட்டுகள் எல்லாம், எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் அந்த உந்துதலை எழுப்புவதில்லை. முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் அந்தத் தெரிதல் கைக்குப் போய்ச் சேர்வதில்லை.

அதனால் மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் வேலையில் இறங்கி அஞ்சு பத்து நிமிஷம் ஆன பிறகுதான் அது வரும். 'டாக்குமெண்ட் முடிக்கணும்' என்று எழுதி வைத்தால் அது மலை மாதிரி நிற்கும். கை செய்யக்கூடிய முதல் அசைவை மட்டும் எழுதுங்கள்: ஃபைலைத் திறந்து தலைப்பை டைப் அடிப்பது. அதை ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். 'டீ டம்ளரை மேசையில் வைத்ததும் ஃபைலைத் திறப்பேன்.' பார்க்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்ற இந்த வகைத் திட்டத்தை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார், ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளிடமும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், உதவுகிறது. இன்னொன்று, சாயங்காலம் வேலையை நிறுத்தும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் வெள்ளைப் பக்கத்தை விட அரைகுறை வாக்கியத்தில் கை வைப்பது சுலபம்.

அப்புறம், இது ஏடிஹெச்டிதான் என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று மருத்துவர் கேட்பார், பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள் ('கவனக்குறைவு' என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியது இப்போது உதவும்). தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு இவையும் இதே மாதிரி ஆளைக் கட்டிப் போடும். போன வருஷம் வரை நன்றாக இருந்து இப்போதுதான் இப்படி என்றால், முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஈரோட்டில் சின்ன ஜவுளிக்கடை. மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் 20-ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிக்குத்தான் உட்காருகிறேன். நாலு நாள் முன்னாடியே முடிக்கணும் என்று காலண்டரில் 16-ஐ வட்டம் போட்டும் பார்த்தாயிற்று.

அந்த வட்டத்தைப் போட்டது நீங்கள். 16-ஆம் தேதி தாண்டினால் ஒன்றும் ஆகாது என்று உங்களுக்கே தெரியும், அப்புறம் மூளை எப்படி நம்பும்? ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குக் காலம் இரண்டே வகை: இப்போது, இப்போது இல்லை. 20-ஆம் தேதி ராத்திரிதான் அது 'இப்போது' ஆகிறது, தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் என்ற பயம் வருகிறது, அந்தப் படபடப்பில் வேலை ஓடுகிறது.

சொந்தக் கெடு வேலை செய்யாது, இன்னொரு ஆள் வந்து நிற்கும் கெடு வேலை செய்யும். 16-ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஆடிட்டர் ஆபீஸ் பையனைக் கடைக்கே வரச் சொல்லுங்கள். அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் தப்பிக்க முடியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள், ரிட்டர்ன் போடுகிறீர்களா, பில் தேடுகிறீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் இதே புலம்பலோடு வந்தார். கேட்டுப் பார்த்தால் ரிட்டர்ன் அரை மணி நேர வேலைதான். கல்லாவுக்கு அடியில், பைக் டிக்கியில், சட்டைப் பையில், சாமி படத்துக்குப் பின்னால் என்று கிடக்கிற கொள்முதல் பில்லைப் பொறுக்குவதற்குத்தான் மூன்று மணி நேரம். அவர் பயந்தது ரிட்டர்னுக்கு இல்லை, அந்தத் தேடலுக்கு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து ஒரு மஞ்சப்பை மாட்டினார், பில் எதுவாக இருந்தாலும் அதில் போடுவது, அடுக்குவது பிரிப்பது எதுவும் கிடையாது. இப்போதும் அவர் 19, 20 தேதிகளில்தான் போடுகிறார். போட்டுவிட்டுப் பத்தரைக்குத் தூங்கிவிடுகிறார், எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். மூன்று பிளானர், இரண்டு ஆப், ஒரு பொமொடோரோ டைமர் வாங்கினேன். எதுவும் நாலு நாளைக்கு மேல் தாங்கவில்லை.

புதுசு என்பதால்தான் அந்த நாலு நாளும் ஓடியது. புதுசு போனதும் சக்தியும் போய்விட்டது, உங்கள் ஒழுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. புதிதாக எதுவும் வாங்காமல் இருக்கிற ஆறையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒரு மாதம் கழித்துப் பழைய பிளானர் மறுபடி கொஞ்சம் புதுசாகத் தெரியும்.

பொமொடோரோ பற்றி: 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்து உருவாக்கியது, ஒரு சுற்று 25 நிமிடம். தொடங்கவே முடியாதவருக்கு 25 ரொம்ப நீளம். ஐந்து வையுங்கள், ஐந்து முடிந்ததும் நிறுத்தத் தோன்றினால் நிஜமாகவே நிறுத்துங்கள். 'அஞ்சு நிமிஷம்தான்' என்று சொல்லி ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் இழுத்தால் நாலாவது நாள் மூளை அந்தப் பேச்சை நம்பாது.

மதுரை, இல்லத்தரசி, 41. துவைத்த துணி நாற்காலியில் குவிந்து கிடக்கிறது. என் தங்கை வந்தால் மட்டும் பேசிக்கொண்டே அரை மணியில் மடித்து முடிக்கிறேன். அவள் போனதும் பழையபடிதான். என்ன வியாதி இது?

உங்களுக்கான மருந்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்களே! பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும், அவர் உதவக்கூட வேண்டாம், வேலை தானாக ஓடும். ஆங்கிலத்தில் இதற்குத் தனிப் பெயரே வைத்து, முன்பின் தெரியாதவர்கள் வீடியோ காலில் ஆளுக்கொரு வேலையோடு உட்காருகிறார்கள். நம் ஊரில் அப்பளம் இடுவதும் வடகம் போடுவதும் பூத் தொடுப்பதும் நாலு பேர் கூடித்தான் நடந்தது. இப்போது தனிக்குடித்தனம், மூடிய கதவு, எல்லா வேலையும் ஒற்றை ஆளாக. தங்கைக்குத் தினமும் ஒரு நேரம் வைத்து ஃபோன் போடுங்கள், ஸ்பீக்கரில் வைத்துவிட்டு அவர் அங்கே பாத்திரம் விளக்கட்டும், நீங்கள் இங்கே துணி மடியுங்கள். மடிக்கவே வேண்டாத துணிக்கு ஒரு கூடை வைத்துவிடுங்கள், பனியனை மடிக்காமல் போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

பெண்களுக்கு ஏடிஹெச்டி இருப்பது தெரியாமலேயே போவது அதிகம். சின்ன வயதில் ஓடி ஆடித் தொல்லை கொடுக்காமல் கனவு கண்டுகொண்டிருந்த பிள்ளையை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏடிஹெச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் நாள் மாத்திரை போட்டுவிட்டு மூன்று மணி நேரம் ஃபோனில் இருந்த பழைய போட்டோக்களை ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்தேன். ஆபீஸ் வேலை அப்படியே கிடக்கிறது. மாத்திரை வேலை செய்யவில்லையா?

நன்றாகவே செய்திருக்கிறது! முன்னால் என்ன இருக்கிறதோ அதில் ஒட்ட வைக்கும், எதில் ஒட்ட வேண்டும் என்று அது சொல்லாது. சாதாரண வகை அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் பிடிக்கும், மூன்று நான்கு மணி நேரம் இருக்கும். மாத்திரை போட்டவுடன் ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு ஆபீஸ் ஃபைலைத் திறந்து வையுங்கள், பிடிக்கிற நேரத்தில் கண் முன்னால் அதுதான் இருக்க வேண்டும். அளவு கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் எழுதிக் கொடுத்த மனநல மருத்துவரிடம்தான். படபடப்பு, பசியின்மை, தூக்கம் வராதது இவற்றைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். நண்பருக்கு ஏடிஹெச்டிக்கே தரப்படும் அடாமாக்செட்டின் என்ற வேறு மருந்து கொடுத்திருந்தால் அதோடு ஒப்பிட வேண்டாம், அது பிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

பத்தாம் வகுப்புப் பையன். கேம் என்றால் நாலு மணி நேரம் அசையமாட்டான், கணக்கு நோட்டைத் திறக்கச் சொன்னால் சண்டை. கவனம் இருக்கிறதுதானே, நடிக்கிறானா?

நடிப்பு இல்லை. கேமில் பத்து நொடிக்கு ஒரு பரிசு விழுகிறது, கணக்கு நோட்டில் மே மாதம்தான் விழும். திட்டுவதற்குப் பதில் நோட்டை நீங்கள் திறந்து, முதல் கணக்கை அவன் முன்னால் நீங்களே எழுதி, இரண்டாவது வரியில் பேனாவை அவனிடம் கொடுங்கள்.

ஒரு வாடிக்கையாளர் மெயிலுக்கு மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. இப்போது இன்பாக்ஸைத் திறக்கவே வயிற்றைப் பிசைகிறது.

முதல் வாரம் அது மெயில், இப்போது அது வெட்கம். லேட் ஆன காரணத்தை விளக்கி நீண்ட மெயில் எழுத வேண்டும் என்று நினைப்பதால்தான் இன்னும் லேட் ஆகிறது. அவர் உங்களைப் பற்றி அவ்வளவு யோசித்துக்கொண்டிருக்கவில்லை, அவருக்கு விலைப்பட்டியல் வேண்டும். பழைய மெயிலைத் திறந்து படிக்கக்கூட வேண்டாம். புது மெயிலில், 'தாமதத்துக்கு மன்னிக்கவும் சார், நீங்கள் கேட்ட விலைப்பட்டியல் இதோடு இணைத்திருக்கிறேன்.' ஃபைலை இணைத்து அனுப்பிவிட்டு எழுந்து போய் ஒரு காபி போட்டுக் குடியுங்கள்.