கிம்பர்லி பயணம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லி பகுதியில் ஓடும் கிப் நதிச் சாலை பற்றிய உங்கள் கட்டுரையை வீட்டில் அனைவரும் படித்தோம். பெர்த்தில் வசிக்கிறோம். ஜூலை விடுமுறையில் பத்து நாள் கூடாரம் போட்டுத் தங்கிக் கிம்பர்லியைச் சுற்றத் திட்டம். மேற்கே டெர்பியில் தொடங்கி கிழக்கே குனுனர்ரா வரை, நடுவே மிட்செல் அருவியும் பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். பிள்ளைகளுக்கு எட்டும் பதினொன்றும் வயது. கூட வரும் மாமியார், “கல்லையும் புழுதியையும் பார்க்க இவ்வளவு செலவா?” என்கிறார். எனக்கோ முதலைப் பயம். உங்கள் கருத்து என்ன?

க., பெர்த்

அன்புள்ள க.,

திட்டத்தில் பாதியை வெட்டிவிடுங்கள். மாட்டு லாரிகளுக்காக 1960களில் போட்ட சாலை அது. நீளம் சுமார் 660 கிலோமீட்டர். தார் முடிந்ததும் மண்ணில் அலையலையாக வரி விழுந்திருக்கும். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அந்தக் குலுக்கலில் இறுக மூடிய ஊறுகாய் பாட்டிலின் மூடிகூடத் தானாகக் கழன்றுகொள்ளும். மிட்செல் அருவிக்குப் பிரியும் பாதை இதைவிட மோசம்; போக வர நானூறு கிலோமீட்டருக்கு மேல். பத்து நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் பிள்ளைகள் பார்க்கப்போவது அப்பாவின் பின்னந்தலையைத்தான்.

மேற்குப் பகுதி மட்டும் போதும். பெல் பள்ளத்தாக்குக்கு அருகே சில இரவுகள் ஒரே இடத்தில் தங்குங்கள். பாறைப் படிகளில் இறங்கும் அருவியும் நீந்தக் குளங்களும் உண்டு. ஜூலையில் இரவு குளிரும், கம்பளி அவசியம்.

விஞ்சனா பள்ளத்தாக்கை விடாதீர்கள். நூறு மீட்டர் வரை உயரும் அந்தச் சுண்ணாம்புச் சுவர்கள் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் வளர்ந்த திட்டு. பாறையை உற்றுப் பார்த்தால் கடலுயிர்களின் சுவடு தெரியும். பதினொரு வயதுக்கு அது ஒரு நாள் வேலை. மணலில் வெயில் காயும் ஒடுங்கிய மூக்கு முதலைகள் நன்னீர் வகை. சீண்டாதவரை மனிதரிடம் வருவதில்லை. ஆனாலும் கிட்டே போகவோ அங்கே நீந்தவோ வேண்டாம். ஆளைக் கொல்வது உவர்நீர் முதலை. கிழக்கே பென்டகோஸ்ட் ஆற்றைக் காரில்தான் கடக்க வேண்டும். மற்ற ஆறுகளில் இறங்கி நடந்து ஆழம் பார்ப்பது வழக்கம். அங்கே அதைச் செய்யவே கூடாது. பாதித் திட்டத்தில் அந்த ஆறு வராது என்பதும் எனக்கு ஒரு காரணம். எங்கே போனாலும் எச்சரிக்கைப் பலகையைப் படித்த பிறகே தண்ணீரில் கால் வையுங்கள்.

மாமியாருக்கு ஜண்டமாராவின் கதையைச் சொல்லுங்கள். அந்த மண்ணின் பழங்குடியான புனுபா மக்களில் ஒருவர். போலீசுக்கு வழிகாட்டியாக இருந்தவர். சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவந்த தம் மக்களை விடுவிக்க 1894இல் தாம் வழிகாட்டிய போலீஸ்காரரையே சுட்டார். அதே ஆண்டு விஞ்சனாவில் போலீஸ் படையோடு மோதினார். மூன்று ஆண்டுகள் பிடிபடாமல் இருந்து, 1897இல் டனல் கிரீக் அருகே கொல்லப்பட்டார். மலையைக் குடைந்து 750 மீட்டர் ஓடும் அந்தக் குகையாறு அவருடைய மறைவிடம். டார்ச்சுடன் சில்லென்ற தண்ணீரில் நடக்க வேண்டும். வாசலில் பெரும்பாறைகளில் ஏறி இறங்க மாமியாரின் முழங்கால் இடம் கொடுக்குமா என்பதை அவரே சொல்லட்டும். கதை தெரியாமல் உள்ளே போனால் அது வெறும் குகைதான்.

வண்டி வாடகைக்கு என்றால், ஒப்பந்தத்தில் மண்சாலைக்கு அனுமதி உண்டா, ஆற்றைக் கடக்கையில் காப்பீடு செல்லுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.