ஒவ்வாமைக்கு நுண்ணுயிரி மருந்து: அந்தத் துறைக்கு மகளை அனுப்பலாமா?

ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. நிலக்கடலை ஒரு துணுக்கு உள்ளே போனாலே உதடு வீங்கி மூச்சுத் திணறும் மகனுக்கு நிரந்தர மருந்து எப்போது வரும் என்பது ஒன்று. பிளஸ் டூ எழுதப்போகும் மகள், தம்பிக்காகவே 'பாக்டீரியாவை மாற்றி ஒவ்வாமையைத் தீர்க்கும் படிப்பு'தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாளே, அதை நம்பிப் பிழைக்க முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்வி ஒவ்வாமை மருத்துவருக்கு உரியது. இரண்டாவதுதான் படிப்பு ஆலோசகரான என் வேலை. ஆனால் அந்த மருந்து இன்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

மரபணு மாற்றிய உயிருள்ள பாக்டீரியாவை ஒவ்வாமைக்கான மருந்தாக இதுவரை எந்த நாட்டிலும் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. ஆய்வு மட்டும் பழையது. பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள், பாலாடைக்கட்டி தயாரிப்பில் பயன்படும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவை, அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தைச் சுரக்கும்படி மாற்றினார்கள். அது எலிகளின் குடல் அழற்சியைத் தணித்ததை 2000-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். மாற்றிய பாக்டீரியா உடலைவிட்டு வெளியேறி மண்ணிலும் நீரிலும் பெருகினால் என்ன செய்வது? அதற்கும் 2003-இல் வழி கண்டார்கள். டிஎன்ஏவுக்குத் தேவையான தைமிடிலேட்டைத் தயாரிக்கும் மரபணுவை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இன்டர்லூக்கின் மரபணுவைப் பொருத்தினார்கள். தைமினோ தைமிடினோ வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் அந்தப் பாக்டீரியா செத்துவிடும். 2006-இல் ஆம்ஸ்டர்டாமில் க்ரோன் என்ற குடல் அழற்சி நோயுள்ள 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வந்தன. பால் ஒவ்வாமைக்கு எதிராகவும் எலிகளில் சோதித்தார்கள்.

உங்கள் வீட்டுக்கு நெருக்கமான சோதனை அமெரிக்காவில் நடந்தது. நிலக்கடலையில் தொல்லை தரும் முக்கியமான மூன்று புரதங்களை, ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ எதிர்ப்பொருள் எளிதில் பற்றிக்கொள்ளாதபடி திருத்தினார்கள். அவற்றை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ளேயே உற்பத்தி செய்து, பிறகு அந்தப் பாக்டீரியாவைக் கொன்று, மலக்குடல் வழியாகச் செலுத்தும் மருந்தாக்கினார்கள். இஎம்பி-123 என்று பெயர். எலிகளில் நல்ல பலன். மனிதர்களிடம் நடந்த முதல் கட்டச் சோதனையின் முடிவு 2013-இல் வெளியானது. ஒவ்வாமை உள்ள 10 பேரில் 4 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒருவருக்கு லேசான தொல்லை, 5 பேரால் முழு அளவையும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ஐவரில் இருவருக்கு, நீங்கள் பயப்படும் அதே அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை வந்தது.

இந்தச் சோதனையைப் பற்றி மகளைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு, 'நான்கு பேருக்கு ஒன்றுமே ஆகவில்லையே, இவர்களுக்கு மட்டும் ஏன்?' என்று இரவெல்லாம் நச்சரித்தால் அவள் இந்தத் துறைக்குப் பொருத்தமானவள். முகம் வாடி வேறு பேச்சுக்குப் போய்விட்டால், தம்பி மீதுள்ள பாசத்தைப் படிப்பின் மீதுள்ள ஆர்வம் என்று நினைத்திருக்கிறாள் என்று பொருள். இரண்டில் எது தெரிந்தாலும் நல்லதே. நான் வைக்கும் திறனறித் தேர்வுகள் எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

வேலைக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் இரண்டு செய்திகள் வந்தன. பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய்க்கு மரபணு மாற்றிய ஈ.கோலையை மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுவந்த சின்லாஜிக் என்ற அமெரிக்க நிறுவனம், பலன் தேறாது என்று சோதனையை நிறுத்திப் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. அதே மாதம், தவறுதலாகச் சாப்பிட்டுவிட்டால் வரும் ஆபத்தைக் குறைக்க ஓமலிசுமாப் ஊசியை உணவு ஒவ்வாமைக்கு அமெரிக்க அரசு அனுமதித்தது. அந்த ஊசி பாக்டீரியாவில் தயாராவதில்லை, மரபணு மாற்றிய வெள்ளெலிச் செல்களில் தயாராகிறது. ஆனால் செல்லுக்குள் மரபணுவைச் செலுத்துவது, பெரிய கலனில் வளர்ப்பது, புரதத்தைப் பிரித்துத் தூய்மையாக்குவது, ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் இருக்கிறதா என்று நிரூபிப்பது ஆகிய திறமைகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 1982-இல் அனுமதி பெற்ற ஈ.கோலை இன்சுலின் காலத்திலிருந்தே சம்பளம் கொடுப்பவை இந்தத் திறமைகள்தான். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள உயிர்மருந்து, தடுப்பூசி நிறுவனங்கள் ஆள் எடுப்பதும் இவற்றுக்காகத்தான். எனவே மகள் நோயைத் தேர்ந்தெடுப்பதை ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போடட்டும், கைத்தொழிலை இப்போதே கற்கட்டும்.

'சிந்தெடிக் பயாலஜி' என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்த இளநிலைப் படிப்புக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்காதீர்கள். இதில் நான் கறாராக இருக்கிறேன். மகள் பயோ-மேத்ஸ் பிரிவு என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்கு அருகில். ஆராய்ச்சிதான் வழி என்றால் என் முதல் பரிந்துரை அதுவே. சென்னை ஐஐடியின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு வேண்டும். பி.டெக். பயோடெக்னாலஜி என்றால் பொறியியல் கலந்தாய்வு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கட்-ஆஃப் பார்ப்பார்கள், உயிரியல் மதிப்பெண் அதில் சேராது. ஐசர், ஜேஇஇ தேர்வுகளுக்கான விண்ணப்பத் தேதிகள் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். காலண்டரில் குறித்துவையுங்கள்.

இவை எதுவும் அமையாவிட்டால் நல்ல அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிப்பதில் ஒரு குறையும் இல்லை. சேர்க்கும் முன் ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள். வரவேற்பறையில் இருக்கும் கேடயங்களை விடுங்கள். நுண்ணுயிரிகளை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே பெட்ரி தட்டுகள் அடுக்கியிருக்கின்றனவா, ஒவ்வொரு தட்டின் அடியிலும் மார்க்கர் பேனாவால் மாணவர்களின் பெயரெழுத்தும் இந்த வாரத் தேதியும் எழுதியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். காலியாகவும் பளபளப்பாகவும் இருந்தால், அங்கே ஆசிரியர் செய்துகாட்டுவார், மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்தக் கல்லூரி வேண்டாம்.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் சொற்பச் சம்பளத்தில் தொடங்க வேண்டியிருக்கும். இதை மறைத்துப் பேசும் ஆலோசகர்கள் நிறையப் பேர். எம்.எஸ்சி.க்கு கேட்-பி என்ற தேர்வு எழுதினால், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவு பெற்ற பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையோடு படிக்கலாம். அதன் பின் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய். ஆகமொத்தம் பத்து ஆண்டுக் கணக்கு. அந்த அவகாசத்தை உங்கள் குடும்பம் அவளுக்குத் தருமா என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். எம்.எஸ்சி. முடித்ததும் திருமணப் பேச்சை எடுப்பதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவளும் அதற்கேற்பத் திட்டமிடுவாள்.

அதிகம் பேர் நினைத்துப் பார்க்காத ஒரு பாதையும் உண்டு. மரபணு மாற்றிய நுண்ணுயிரிகள் பற்றிய ஆய்வுகள் நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வருகின்றன. நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவில் தொடங்கி மத்திய அரசுக் குழுக்கள் வரை ஆவணங்கள் போக வேண்டும். ஆய்வகமும் புரிந்து, சட்ட மொழியும் புரிந்து, தெளிவாக எழுதத் தெரிந்தவர்களுக்கு அங்கே தட்டுப்பாடு. உங்கள் கடிதத்தோடு வந்த மகளின் கடிதத்தைப் படித்ததில் அவளுக்கு எழுத்து வருகிறது என்று தோன்றியது.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் விற்கும் புரோபயோடிக் மாத்திரைகள் இந்த ஆய்வுகளில் வரும் பாக்டீரியாக்கள் அல்ல. அவற்றை நம்பிக் கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் வீட்டில் முயல வேண்டாம். அட்ரினலின் ஊசி பற்றி மருத்துவர் சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.

மகளின் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களையும், ஆண்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு கட்டணம் கட்ட முடியும் என்ற தொகையையும் எழுதி அனுப்புங்கள். கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.